பொன்முடியில் காற்றின் எடை

ஒரு பர்னரை முதன்முறை கொளுத்தும்போது எல்லோரும் தீயைத்தான் பார்ப்பார்கள். முதலாளி, மானேஜர், வெல்டர், வேடிக்கை பார்க்க வந்த வாட்ச்மேன் என்று ஒரு கூட்டமே அந்தச் சின்னக் கண்ணாடித் துளைக்கு முன்னால் தலையோடு தலை முட்டிக்கொண்டு நிற்கும். நானும் என் கணவரும் மட்டும் ஆளுக்கொரு மூலையில் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்போம். எங்களுக்குத் தீயின்மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. அரைகுறையாக எரிந்துகொண்டே நன்றாக எரிவதுபோல் நடிக்கத் தெரிந்த சாமான் அது. கணக்குக்கு நடிக்கத் தெரியாது என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

பாய்லருக்கோ ட்ரையருக்கோ பேக்கரி அடுப்புக்கோ புதிதாக பர்னர் பொருத்தினால் எங்களைக் கூப்பிடுவார்கள். எண்ணெய் எவ்வளவு போகிறது, அது முழுக்க எரிய எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்குப் பார்த்து, காற்றுக் கதவை அந்த அளவுக்குத் திறந்து, திருகை இறுக்கிவிட்டு வருவது எங்கள் வேலை. காற்று குறைந்தால் கரியும் புகையும், கூடவே மணமில்லாத விஷமும். கூடினால் சூடெல்லாம் சிம்னி வழியாக வானத்துக்குப் போய்விடும். திருவனந்தபுரத்தில் இதைத் தாளில் போட்டுப் பார்த்துச் செய்கிறவர்கள் ஒரு சிலரே. புருஷனும் பெண்டாட்டியுமாகச் செய்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

அவர் என் தாய்மாமன் மகன். இரண்டு குடும்பமும் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து இந்த ஊரில் ஒட்டிக்கொண்டவை. இருவரும் பாலிடெக்னிக் படித்தவர்கள், இருவருக்கும் கோபம் மூக்கு நுனியில். கல்யாணமான புதிதில் யார் கணக்குச் சரி என்று சண்டை போட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறோம். அந்தச் சண்டையிலிருந்து ஒரு வழக்கம் பிறந்தது. ஒரே அளவுகளை இருவரும் எடுத்துக்கொண்டு தனித்தனித் தாளில் கணக்குப் போட வேண்டும். முடியும்வரை மற்றவர் தாளைப் பார்க்கக் கூடாது. முடிந்ததும் தாளை மாற்றிக்கொள்ள வேண்டும். விடைகள் நூற்றுக்கு இரண்டு பங்குக்குமேல் விலகி இருந்தால் யார் பிழை என்று வாதாடாமல் மறுபடி அளக்க வேண்டும்.

எங்கே போனாலும் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். "சாரும் மேடமும் எக்ஸாம் எழுதுகா" என்று ஒரு பேக்கரிக்காரர் ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினார். என் கணவரும் விடமாட்டார். நான் தலையை நிமிர்த்தினாலே போதும், "எட்டிப் பாக்காத, கேட்டியா. பெயிலாக்கிப் போடுவேன்" என்பார்.

முப்பது வருடம் இப்படிப் போனது. பிள்ளைகள் இல்லை. அதற்காக அழுத காலமும் ஒன்று உண்டு. பிறகு இந்த இரண்டு தாள்தான் எங்கள் வீட்டுப் பேச்சு, விளையாட்டு, சண்டை எல்லாம். வேலையிலும் ஒரு பாகப்பிரிவினை தானாக விழுந்திருந்தது. எண்ணெய் மீட்டரும் ஸ்டாப்வாட்ச்சும் என் பக்கம். காற்றும் அதன் வேகமும் எடையும் அவர் பக்கம். கணக்கை இருவரும் முழுக்கப் போடுவோம் என்றாலும், காற்றைப் பற்றிச் சந்தேகம் வந்தால் அவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயதில் மறதி தொடங்கியது. முதலில் சாவி, குடை, பால்காரனிடம் சொல்ல வேண்டியது. எனக்கும் மறக்கிறதே என்று நான் சிரித்தேன். ஒருநாள் ஸ்ரீவராகம் குளத்தைச் சுற்றி நடக்கப் போனவர் இரண்டு மணி நேரம் வரவில்லை. தேடிப் போனால் எங்கள் தெரு முனையில், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும், "இங்கிட்டு எல்லா வீட்டுக்கும் ஒரே பெயின்ட் அடிச்சுப் போட்டானுவோ" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். முகம் வேடிக்கையாக இல்லை.

டாக்டர் அவரிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று மளமளவென்று இரண்டு வரை இறங்கிவிட்டு, "இதுக்குக் கீழ மைனஸாக்கும், போகட்டுமா?" என்று கேட்டார். டாக்டருக்கே சிரிப்பு வந்தது. பிறகு ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். இவர் வட்டம் போட்டார். பன்னிரண்டு எண்களையும் வட்டத்தின் ஒரே பக்கத்தில் அடுக்கிவிட்டு, இது போதுமா என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

வெளியே வந்தபோது டாக்டர் என்னைத் தனியாக நிறுத்தி, "தெரிஞ்ச வேலை எதுவோ அதைச் செய்ய விடுங்க. அதில் இருக்கிறவரைக்கும் அவர் அவராக இருப்பார்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எண்கள் இருக்கின்றன, எண்கள் இருக்கும்வரை இவர் என்னோடு இருக்கிறார். என்னிடமிருந்து அவர் போய்விடாமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அவரை வேலைக்குக் கூட்டிப் போவது. அதனால் எந்த வேலை வந்தாலும் ஒத்துக்கொண்டேன்.

முதல் அடி விழிஞ்ஞத்தில் விழுந்தது. மீன் காயவைக்கும் ஓர் ஆலையில் பர்னர் மாற்றியிருந்தார்கள். நாற்றம் குடலைப் பிடுங்கும் இடம். நான் என் தாளை முடித்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் பென்சிலைத் தாளில் ஊன்றியபடி அசையாமல் இருந்தார்.

"அத்தான், எழுதியாச்சா?"

"பொறு. மணி அடிக்கலியே."

கடைசியில் நீட்டிய தாளில் விடை என்னுடையதைப்போல் இரண்டு மடங்கு. வழக்கப்படி மறுபடி அளந்தோம். இந்த முறை பாதி. மூன்றாம் முறை விடை இருக்க வேண்டிய இடத்தில் ஆலைக்காரரின் போன் நம்பரை எழுதியிருந்தார். ஆலைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். "மீட்டர் சிக்குது, அதான் மாறி மாறி வருது" என்றேன். தொழிலில் நான் சொன்ன முதல் பொய் அது. என் கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இருந்தது. நன்றியை நான் எதிர்பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்குப்பிறகு நான் சுத்தமாக ஏமாற்றத் தொடங்கினேன். என் தாளை முடித்ததும், அவர் பார்க்கும்படி எங்காவது வைத்துவிட்டு, சிம்னியைப் பார்க்கிறேன், வால்வைப் பார்க்கிறேன் என்று நகர்ந்துவிடுவேன். பார்த்து எழுதட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொண்டிருந்தால் வெட்கப்பட்டிருப்பேன். காலும் கையும் தாமாக அப்படிச் செய்தன. திரும்பி வரும்போது அவர் தாளில் விடை இருக்கும், சரியாக இருக்கும், நான் சந்தோஷப்படுவேன். கூலிக்கு ஆள் வைத்துப் பரீட்சை எழுதித் தேறியவளின் சந்தோஷம்.

பொன்முடி வேலை இப்படியிருக்கும்போது வந்தது. மலைமேல் ஒரு தேயிலை ஆலை. விறகு அடுப்பில் ஓடிக்கொண்டிருந்த ட்ரையருக்கு டீசல் பர்னர் மாட்டியிருந்தார்கள். மழை பெய்து கொழுந்து அள்ளி அள்ளி வருகிறது, வாடிக் கிடக்கிறது, சீக்கிரம் வாருங்கள் என்று மானேஜர் தினமும் போன் செய்தார். சிம்னிப் புகையைச் சோதித்து எரிதல் சரியா என்று காட்டும் கருவி எங்களிடம் ஒன்று உண்டு. அதன் உள்ளே ஒரு பாகம் ஆயுள் முடிந்து, பழுது பார்க்கக் கோயம்புத்தூர் போயிருந்தது. இரண்டு வாரம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். "அந்தப் பெட்டி வர்றதுக்கு முன்னாடியே நாங்க பர்னர் கொளுத்தினவங்க" என்று மானேஜரிடம் பெருமையடித்தேன். என் வாய்க்கொழுப்பு.

விடியற்காலையில் கிளம்பினோம். நான்தான் கார் ஓட்டினேன். மலை ஏறத் தொடங்கியதும் அவர் கொண்டை ஊசி வளைவுகளை எண்ண ஆரம்பித்தார். ஒவ்வொரு வளைவிலும் உரக்கச் சொன்னார். பத்தாவதில் ஒரு பஸ் எதிரே வந்து நாங்கள் பின்னால் எடுக்க வேண்டி வந்தது. அந்தக் கலவரத்திலும் எண்ணிக்கையை விடவில்லை. இருபத்திரண்டு என்று முடித்தார், சரியாக இருபத்திரண்டு. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. டாக்டர் சொன்னது பலிக்கிறது, எண்கள் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன். வளைவுகளை எண்ணினோமே தவிர, ஒவ்வொரு வளைவிலும் மேலே போய்க்கொண்டிருக்கிறோம் என்பது இரண்டு பேர் புத்தியிலும் ஏறவில்லை. மலைக்காற்று நன்றாக இருக்கிறது என்று கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டேன்.

ஆலையில் மூடுபனி ஜன்னல் வரை வந்து நின்றது. பர்னரைப் பார்த்தோம், குழாய்களைப் பார்த்தோம், எண்ணெய் ஓட்டத்தை அளந்தேன். ஒரு லிட்டர் டீசல் போக எழுபத்திரண்டு விநாடி. மணிக்கு ஐம்பது லிட்டர். எடையாக மாற்றினால் நாற்பத்தொன்றரைக் கிலோ. ஒரு கிலோ டீசல் எரியப் பதினான்கரைக் கிலோ காற்று வேண்டும், முன்ஜாக்கிரதையாக நூற்றுக்குப் பதினைந்து பங்கு கூட. ஆக மணிக்கு அறுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு கிலோ காற்று. ஆனால் காற்றைத் தராசில் நிறுத்து உள்ளே அனுப்ப முடியாது. குழாய் வாயில் சிறு விசிறியை வைத்து வேகத்தை அளந்து, இத்தனை கன மீட்டர் போகிறது என்றுதான் சொல்ல முடியும். கிலோவைக் கன மீட்டராக்க, ஒரு கன மீட்டர் காற்று எத்தனை கிலோ என்று தெரிய வேண்டும். ஒன்று புள்ளி ஒன்று ஆறு என்று என் கை எழுதியது. யோசிக்காமல் எழுதியது. வகுத்தால் ஐந்நூற்றுத் தொண்ணூற்றேழு.

ஒன்று புள்ளி ஒன்று ஆறு கடலோரத்துக் காற்றின் எடை. நாங்கள் முப்பது வருடம் வேலை பார்த்த ஊர்களின் காற்று. மலையில் காற்று லேசு. அங்கே அது ஒன்று புள்ளி பூஜ்யம் ஆறுதான். இது எனக்குத் தெரியாதா? பாலிடெக்னிக்கில் முதல் வருடமே படித்தது. அபூர்வமாக எப்போதாவது மலைப்பக்கம் வேலை வந்தால் என் கணவர் முதல் காரியமாக அழுத்தம் பார்க்கும் சின்ன மானியை மேஜைமேல் வைப்பார். அது அவர் பக்கத்து வேலை. அவர் வேலையையும் சேர்த்து நானே செய்கிறேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவள், அவர் வேலை என்னென்ன என்று ஒருநாளும் உட்கார்ந்து பட்டியல் போடவில்லை.

வழக்கம்போல என் தாளைக் கன்ட்ரோல் பெட்டியின்மேல் வைத்துவிட்டுச் சிம்னிப் பக்கம் போனேன். திரும்பி வந்தபோது அவர் தாளை நீட்டினார். 597. என் விடையேதான்.

இதையும் எழுதிவிடுகிறேன். என் கணவர் எந்த விடையையும் முழு எண்ணாக வெட்டமாட்டார். இரண்டு தசமம் வரை போவார். 596.55 என்று எழுதியிருக்க வேண்டும். அதோடு, ஏழுக்கு நடுவே ஒரு கோடு போடுவது என் பழக்கம், ஒன்று என்று யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காக. அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது, அதைக் கேலி செய்வார். அந்தத் தாளில் 72-லும் 597-லும் ஏழுகளின் வயிற்றில் கோடு இருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "பாஸ், அத்தான்" என்றேன். என் கணக்கு எப்படியும் சரியாகத்தானே இருக்கும் என்ற எண்ணம். அவர் பள்ளிப் பிள்ளையைப்போல் சிரித்தார்.

பத்து மணிக்குக் கொளுத்தினோம். தீ நன்றாகத்தான் தெரிந்தது. சிம்னி வாய் மூடுபனிக்குள் இருந்ததால் புகை என்ன நிறம் என்று தெரியவில்லை. பனி விலகும்வரை காத்திருக்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. மானேஜர் சாப்பிடக் கூப்பிட்டார், போய்விட்டோம். ட்ரையருக்குக் காற்றைச் சூடாக்கும் குழாய்களில் ஒன்றில் விரிசல் இருந்தது யாருக்கும் தெரியாது. காற்று சரியாகக் கிடைத்திருந்தால் அந்த விரிசல் அன்றைக்கு யாரையும் ஒன்றும் செய்திருக்காது. காற்றுக் குறைவால் அரைகுறையாக எரிந்த புகை அதன் வழியாகக் கசிந்து சூட்டுக் காற்றோடு கலந்து, காய்ந்த தூள் வந்து விழும் இடத்துக்கு வந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு பெண் நின்று தூளை வாரிக்கொண்டிருந்தாள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் குடியிருக்கும் தமிழ்ப்பெண், முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். காலையில் நாங்கள் வந்தபோது எங்களுக்குப் பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான்.

மூன்று மணிக்குக் கூச்சல் கேட்டு ஓடினோம். அவள் தூள் குவியலின்மேல் குப்புற விழுந்து கிடந்தாள். பர்னரை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். நாலு பேர் அவளை வெளியே தூக்கிப்போய்ப் படுக்க வைத்தார்கள். உதடு மட்டும் சிவந்திருந்தது, மற்ற முகம் சாம்பலாக இருந்தது. அந்த ஐந்து நிமிடம் எப்படிப் போனது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். பிறகு அவள் இருமினாள், வாந்தி எடுத்தாள், பிள்ளையின் பெயரைச் சொன்னாள். ஜீப்பில் ஏற்றி அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அதற்குள் பனி விலகியிருந்தது. நிறுத்திய பிறகும் சிம்னி வாயில் கரி ஒட்டியிருந்தது. எங்கே தவறினேன் என்று தெரியாமல் நின்றேன். எண்ணெய் சரி, கதவு சரி, கணக்கும் சரி. என் கணவர் படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம் என்று பையைத் திறந்தேன். முந்தின நாள் வீட்டுப் பக்கத்துக் கடையில் வாங்கிய நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட் தலையணைபோல் உப்பி, வெடிக்கப்போவதுபோல் இருந்தது. கீழே வாங்கும்போது ஒட்டிப்போய்க் கிடந்த பாக்கெட். வெளியே காற்று லேசானதால் உள்ளே இருந்த காற்று விம்மியிருக்கிறது. அதைக் கையில் பிடித்தபடியே எனக்கு எல்லாம் புரிந்தது. நூற்றுக்கு எட்டு ஒன்பது பங்கு காற்றை நான் எடுத்துவிட்டிருக்கிறேன்.

மானேஜர் வந்து எங்கள் இருவர் முன்னாலும் நின்றார். நல்ல மனிதர், கத்தவில்லை. "எவிடெயா பிழைச்சது, மேடம்? யாருக்கா தெற்றிப்போனது?" என்று, யார் கணக்குத் தப்பு என்பதைத் தணிந்த குரலில் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். என்னுடையது என்று சொல்லத்தான் திறந்தேன் என்று பல நாள் என்னை நானே தேற்றியிருக்கிறேன். அது உண்மையா என்று இப்போது எனக்கே தெரியவில்லை. அதற்குள் என் கணவர் கையைத் தூக்கினார்.

"எனக்குத்தான் தெற்றிப் போச்சு, சார். காத்துக் கணக்கு நானாக்கும் போட்டேன்."

மானேஜர் என்னைப் பார்த்தார். என் கணவரின் மறதி அவர் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும், இந்த ஊரில் எதுதான் மலை ஏறாமல் இருக்கிறது. அவர் கண்ணில் கோபம் வடிந்து இரக்கம் வந்தது. நான் சிப்ஸ் பாக்கெட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன். முப்பது வருடத்துப் பெயர், ஒரு பெண் நான் இந்தத் தொழில் செய்கிறேன் என்று ஊரெல்லாம் காட்டிய வீறாப்பு, எல்லாம் சேர்ந்து என் வாயை அடைத்துவிட்டன. திரும்பி வரும் வழியில் அவர் வளைவுகளை எண்ணவில்லை.

மறுநாள் காலையில் எழுந்ததும் அவர் கேட்டது, "அந்தப் பொண்ணு பிழைச்சாளா?" என்பதுதான். பிழைத்துவிட்டாள், ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது என்றேன். "நான் கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன், கேட்டியா. உன் பேரும் கெட்டுப்போச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒன்று புள்ளி ஒன்று ஆறை எழுதியது நான், நீங்கள் என்னைப் பார்த்துத்தான் எழுதினீர்கள், பார்த்து எழுத விட்டதும் நான் என்று தாளை எடுத்து வைத்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். தலையாட்டினார். மத்தியானம் சோற்றில் கை வைத்தவர், "அந்தப் பொண்ணு பிழைச்சாளா?" என்றார்.

ஒரு வாரம் கழித்து மானேஜருக்குப் போன் செய்து பிழை என்னுடையது என்று சொன்னேன். அவர், "மேடத்தின்டெ மனசு எனக்கு மனசிலாவும். எங்க வீட்டிலும் ஒரு ஆள் இதுபோலே உண்டாயிருந்து" என்றார். புருஷனைக் காப்பாற்றப் பெண்டாட்டி பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். காற்றின் எடை, உயரம் என்று நான் விளக்க விளக்க அவர் குரல் இன்னும் கனிந்தது. சரி என்று போனை வைத்தேன்.

அந்தப் பெண்ணைப் பார்க்க லயத்துக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். தலைவலி இன்னும் முழுசாக விடவில்லை என்றாள். நான் வாங்கிப்போன பழங்களை வைத்துவிட்டு, "என் கணக்குதாம்மா தப்பு. என்னை நீ என்ன வேணும்னாலும் சொல்லு" என்றேன்.

"விடுங்கக்கா. சாருக்கு மறதின்னு எல்லாரும் சொன்னாக. பாவம், அவரு வேணும்னா பண்ணினாரு?" என்று அவள் என் தோளைத் தொட்டாள். "அவரை வையாதீங்க, என்ன?"

வீட்டுக்கு வந்து அவள் தலைவலி, பிள்ளை என்று எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். நான் உண்மையைச் சொன்ன இடத்திலெல்லாம் எனக்கு நல்ல பெயர்தான் கிடைத்தது. எத்தனை பேருக்கு இப்படி வாய்க்கும் என்று எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. வேலையை விட்டுவிட்டேன். பொன்முடி பர்னரை வேறு ஆட்கள் வந்து கருவி வைத்துச் சரிசெய்தார்களாம். வீட்டில் கணக்குத் தாள்களைக் கட்டிப் பரண்மேல் போட்டேன். வேலை இல்லாவிட்டால் இவர் இவராக இருக்கமாட்டார் என்று பயந்தேன், அதுவும் நடந்தது. எண்கள் போயின. வருடம், கிழமை, தெரு, என் பெயர் என்று ஒவ்வொன்றாகப் போயின. அவர் பெயரே ஒருநாள் போயிற்று.

பொன்முடி மட்டும் போகவில்லை. எது தங்க வேண்டும், எது போக வேண்டும் என்று அந்த மூளைக்குள் யார் தீர்மானிக்கிறார்களோ எனக்குத் தெரியாது. எங்கள் கல்யாணம் தங்கவில்லை, முப்பது வருடத்துச் சரியான கணக்கு ஒன்றுகூடத் தங்கவில்லை. அவர் செய்யாத ஒரு பிழை தங்கியிருக்கிறது. நாளுக்கு நாலு தடவை நான் அதைத் திருத்துவேன், நாலு தடவையும் அழிந்துபோகும். "எனக்காகப் பொய் சொல்லாதட்டி" என்று ஒருமுறை கோபித்துக்கூடக் கொண்டார். அது நடந்தே ஒரு வருடம் ஆகிறது. இப்போது என்னிடம் கோபித்துக்கொள்ளவும் அவருக்கு நான் யாரென்று தெரிய வேண்டுமே.

போன வாரம் காலையில் இட்லியைப் பிட்டு ஊட்டப் போனேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டார். என் முகத்தை உற்றுப் பார்த்தார், எங்கோ பார்த்த முகம் என்பதுபோல். பிறகு நாற்காலியிலிருந்து எழ முயன்று, முடியாமல், இரண்டு கையையும் கூப்பினார்.

"தலைவலி போச்சாம்மா? புள்ளைய விட்டுட்டா வந்தே?" என்றார். "நான் கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன். மனசுல வச்சுக்காத. என்னை மன்னிச்சிரு."

நான் தட்டைக் கீழே வைத்தேன். நான் அவள் இல்லை என்று சொல்லலாம். தப்பு உங்களுடையது இல்லை என்று ஆயிரத்தோராவது தடவை சொல்லலாம். அவர் கூப்பிய கை இறங்கவில்லை. பதில் கிடைக்காமல் இறங்காது என்று தெரிந்தது.

"மன்னிச்சாச்சு, சார்" என்றேன்.

"நிசமாவா?"

"நிசமா."

அவர் கையை இறக்கினார், வாயைத் திறந்தார். மூன்று இட்லி சாப்பிட்டார்.